சுவீடன் கொலைக்குக் கால்சாவில் தீர்ப்பு

இத்தாலியில் பலர்மோவுக்கு வந்த ஏழு வருடத்தில் இராசாத்தி சொன்ன எதையும் ஒருவரும் முழுதாகக் கேட்டதில்லை. அவள் பேச்சு அவ்வளவு மெதுவானது. வியா மக்வேதாத் தெருவில், சிஞ்ஞோரா என்று அவள் கூப்பிடும் ஒரு இத்தாலிய விதவையின் வீட்டில் அவளுக்குத் துணி மினுக்கும் வேலை. சனி மத்தியானங்களில் சிஞ்ஞோரா ஒரு சுவீடன் துப்பறியும் தொலைக்காட்சித் தொடர் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அவளுடைய காலம் மாறியது. இஸ்திரிப் பெட்டியால் சட்டைக் கொலரை அழுத்தியபடியே அவளும் பார்த்தாள். மறுநாள் ஞாயிற்றுப் பூசை முடிந்ததும், கால்சாப் பகுதி மாதா கோயில் மண்டபத்தில் தமிழ்ப் பெண்களுக்கு அதைச் சொன்னாள்.

ஏரியில் ஒரு பெண்ணின் பிணம். துப்பறிகிறவருக்கோ வயிற்றெரிவு. மனைவி விட்டுப் போய்விட்டாள், மகள் தொலைபேசியை எடுப்பதில்லை.

“பாட்டு ஒண்டுமில்லையோ?” என்று கேட்டாள் மண்டபத்தின் பெரிய வாய்க்காரி றோஸ்மேரி.

“பாட்டோ? அங்கை கதைக்கவே மாட்டினம், அக்கா.”

“அப்ப என்னெண்டு கண்டுபிடிக்கிறது?”

“கோப்பியைக் குடிச்சுக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டே இருப்பார். மற்றவனுக்கு அந்தரமாகி உண்மை வந்திடும்.”

தொடரில் முதலாம் வாரமே பொலிஸ் ஒரு வெளிநாட்டுக் கூலியாளைப் பிடித்தபோது பெண்கள் சிலுவை அடையாளம் போட்டார்கள். “பயப்பிடாதேங்கோ, முதல் பிடிபடுறவன் செய்திருக்க மாட்டான். மூண்டாம் கிழமை விட்டிடுவினம்,” என்றாள் இராசாத்தி. அப்படியே விட்டார்கள். அன்றிலிருந்து அவள் உட்கார்ந்து சொல்ல ஒரு கதிரை பிடித்து வைத்தார்கள்.

ஆறாவது, கடைசிப் பாகத்தன்று சிஞ்ஞோராவின் மருமகன் வந்து தொடருக்குப் பதிலாகச் சைக்கிள் பந்தயத்தைப் போட்டுவிட்டான். முடிவு தெரியாது என்றால் கதிரையும் போகும், கேட்கிற காதுகளும் போகும். இராசாத்தி துணி மினுக்கும் மேசையடியில் நின்றபடியே விசாரணையைத் தானே நடத்தினாள். செத்தவளின் குடிகார அண்ணன் இல்லை. எல்லோரும் சந்தேகப்படுகிறவன் அங்கே கொலை செய்வதில்லை. மிச்சம் ஊர் மதிக்கும் டாக்டர். பொலிஸ் வந்த போதெல்லாம் கேக் வெட்டிக் கொடுத்தவர். அவர் வீட்டில் வேலைக்காரி இல்லை, ஆனாலும் அவருடைய படகுக் கொட்டிலின் தரை மின்னியது. எந்த ஆம்பிளை காரணமில்லாமல் தரை கழுவுவான்?

ஞாயிறன்று டாக்டருக்கு விலங்கு போட்டு, அழவும் வைத்தாள். பெண்கள் கைதட்டினார்கள்.

பின்வரிசையில் அகஸ்ரீனா எழும்பினாள். போர்கோ வெக்கியோப் பகுதிக்காரி, அவளும் வீட்டு வேலைதான்.

“முழுப் பொய்! நான் நேற்று என்ரை சிஞ்ஞோரா வீட்டிலை பார்த்தனான். சாட்சி காணாதெண்டு பைலை மூடிப்போட்டினம். துப்பறியிற அந்தாள் காரிலை போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நிண்டுது. நடிச்ச ஆக்களின்ரை பேர் எழுத்து ஓடிச்சுது. முடிஞ்சுது.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது.

“நீ நித்திரை கொண்டிருப்பாய்,” என்றாள் றோஸ்மேரி. “எரிச்சலிலை கதையைக் கெடுக்காதை, பிள்ளை.”

அகஸ்ரீனாவின் கண் கலங்கிவிட்டது. அவள் சொன்னது உண்மை என்று அந்த மண்டபத்தில் இராசாத்தி ஒருத்திக்குத்தான் தெரிந்தது. பொய் சொல்லுகிறவள் இதைவிட நல்ல முடிவாகச் சொல்லியிருப்பாள். துப்பறிகிற அந்த மனுசன் கடலைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பான்?

வாயை மூடிக்கொண்டிருந்தால் கதிரை தப்பும். இராசாத்தி எழும்பினாள்.

“அகஸ்ரீனா சொல்லுறதுதான் சரி. நான் கடைசிப் பாகம் பார்க்கேல்லை. நானாத்தான் கட்டினனான்.”

றோஸ்மேரி அகஸ்ரீனாவின் பக்கம் திரும்பினாள்.

“அப்ப கொலை செய்தது ஆர்?” என்றாள் றோஸ்மேரி.

“அவை சொல்லேல்லை,” என்றாள் அகஸ்ரீனா.

“ஆறு கிழமையாய்ச் சமையலையும் விட்டிட்டு இருந்து கேட்டது, அந்தாள் கடல் பார்க்கிறதுக்கோ? அவைக்கு முடிக்கத் தெரியாட்டி நாங்கள் முடிப்பம். டொக்டர்தான் எண்டுற ஆக்கள் கையைத் தூக்குங்கோ!”

கைகள் உயர்ந்தன. அகஸ்ரீனாவின் கை கொஞ்சம் பிந்தித்தான் உயர்ந்தது. ஆனால் எல்லாவற்றையும்விட மேலே நின்றது.

றோஸ்மேரி இராசாத்தியின் பக்கம் குனிந்தாள்.

“டொக்டருக்கு எத்தினை வருசம் சிறை குடுப்பம்? நீ சொல்லு.”