கூடை மாட்டாத நாளின் தலைவலி

அட்டன் டவுனில் ஓர் அறையில் உட்கார்ந்து, தேயிலைத் தோட்டத்துக் கர்ப்பிணிகளுக்குப் போனில் போகும் குரல் செய்திகளை எழுதுவது என் வேலை. வாரம் ஒரு செய்தி, ஒன்றரை நிமிடம். எழுத்தும் என்னுடையது, குரலும் என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது, மறைப்பானேன்.

கடைசி மாதங்களுக்கான செய்தியில் பிரஷரைப் பற்றிச் சொல்லியிருந்தேன். தலைவலி, கால் வீக்கம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று. டொக்டரும் பார்த்துச் சரியென்றார். இரண்டு மாதம் போயும் அதைக் கேட்டு ஒருத்திகூட வரவில்லை என்று மிட்வைஃப் சொன்னபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சொன்னால் கேட்க வேண்டாமா? அடுத்த நாளே அந்த மிட்வைஃப் பார்க்கும் பொகவந்தலாவைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே ஒரு தோட்டத்தில், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா வாசலில் காத்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு, கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து இறங்கிய ஏழெட்டுப் பெண்களைப் பிடித்து உட்காரவைத்து அந்தச் செய்தியைப் போட்டேன். தலைவலி என்ற இடம் வந்ததும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

ஆறு மாத வயிற்றோடு இருந்த ஒருத்திதான் வாயைத் திறந்தாள். "ஏங்க மிஸ், எங்களுக்கு என்னிக்குங்க தலைவலி இல்ல? காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் குடுத்துட்டுக் கூடைக் கயித்தத் தலையில மாட்டுனா, எறக்குற வரைக்கும் வலிதான். இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனா கொழுந்த யாரு எடுக்குறது, டொக்டரா?"

மறுபடியும் சிரிப்பு. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நானும் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள்தான். என் அம்மாவின் உச்சந்தலையில் அந்தக் கயிறு போட்ட தடம் இருந்தது. அந்த இடத்தில் முடி முளைக்காது. அவளுக்குத் தலை வாரிவிட்டவளே நான்தான். அதையெல்லாம் மறந்து, தோட்டமே பார்க்காதவள் மாதிரி எழுதியிருக்கிறேனே என்று வெட்கமாகப் போயிற்று.

"சரி, நீங்களே சொல்லுங்க. எந்தத் தலைவலின்னா பயப்படணும்?" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, "கூடை மாட்டாத நாள்ல வலிச்சா பயப்படணும்ங்க" என்றாள்.

அதை அப்படியே டொக்டரிடம் கொண்டுபோனேன். அவர் கூடவே சிலதைச் சேர்த்தார். கூடையை இறக்கிவைத்துப் படுத்தெழும்பியும் விடாத வலி, கண்ணில் பூச்சி பறப்பது, காலையில் எழும்பும்போதே முகம் வீங்கியிருப்பது, இதில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அவள் சொன்ன வார்த்தையிலேயே செய்தியைத் தொடங்கி மறுபடி பதிவு செய்தேன்.

ஐந்தாறு வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அன்று கிளம்பும்போது என் நம்பரை வாங்கிவைத்துக்கொண்ட அவள்தான்.

"மிஸ், தலை பொளக்குதுங்க. கண்ணுல என்னமோ மின்னுது. மாமி, படுத்தா சரியாப் போயிரும்ங்கிறாங்க."

"படுக்கிறதாவது! மொதல்ல ஆட்டோவப் புடிங்க!" என்று கத்தினேன். கத்தியிருக்கத் தேவையில்லை. அவள் ஆட்டோவுக்குள் இருந்துதான் பேசினாள்.

பிரஷர் கண்டபடி ஏறியிருந்தது. நுவரெலியாவுக்கு அனுப்பி, ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். நான்காம் நாள் பார்க்கப் போனேன். தாய் தப்பிவிட்டாள், கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளையும் காலை உதைத்துக்கொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மாமி சொன்னதையும் கேக்காம சட்டுனு கெளம்பிட்டீங்களே, கெட்டிக்காரிதான்" என்றேன்.

அவள் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"எங்க அக்காவும் வயித்துல புள்ளையோட, தலை வலிக்குதுன்னுதாங்க சொன்னா. கயித்து வலின்னு நெனச்சு நான்தான் தைலம் தேச்சிப் படுக்க வச்சேன். அவ எந்திரிக்கவேயில்ல. அன்னிக்கு எந்தத் தலைவலின்னு நீங்க கேட்டப்பதான் எனக்கு ஒறைச்சுது மிஸ். அக்கா அந்த வாரம் மலைக்கே போகலைங்க."