ஊசிக்கும் இட்லிக்கும் நடுவே

அப்போது என் மகளுக்குப் பதினாறு வயது. நான்கு வருடமாக இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தாள். காய்ச்சல் விடாததால் தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அவள் அப்பா மஸ்கட்டில் வேலையில் இருந்தார். பூதலூரிலிருந்து நான் மட்டும் வந்து கூட இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நர்ஸ் ஊசி போட்டுவிட்டு, "அரை மணி நேரத்துல சாப்பிட வச்சிருங்க" என்று சொல்லிப் போனார். இட்லி வாங்கித் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் பக்கத்துக் கட்டில்காரம்மா, "சாமியார் நன்மை கொண்டாறாரு, கீழ் வார்டுக்கு வந்துட்டாராம்" என்றார். பாதிரியார் கையால் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குமுன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்று பிள்ளையைக் கண்டிப்பாக வளர்த்தவள் நான். நோயாளிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று எனக்குத் தெரியாது. டப்பாவை மூடினேன்.

"பசிக்குதும்மா."

"வந்துட்டாருடி. கொஞ்சம் பொறுத்துக்க."

"உனக்கென்ன, விடியக்காலமே ரெண்டு பன்னு தின்னுட்டே."

எட்டேகால் ஆயிற்று. சாமியார் வரவில்லை. மகள் கண்ணை மூடியிருந்தாள். ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்தேன். தலைக்கு மேலே மின்விசிறி ஓடியும் நெற்றி வேர்த்திருந்தது. துடைத்துவிட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "டீச்சர், பஸ் போயிடும்" என்றாள்.

நான் ஓடிப் போய் நர்ஸை அழைத்து வந்தேன். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டாளா?" என்றார். தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று எனக்கே தெரியாத ஆட்டல்.

"சரியா சொல்லுங்கம்மா."

"இல்லைங்க."

என் காபிக்கு வைத்திருந்த சர்க்கரையை அள்ளி அவள் வாயருகே கொண்டுபோனேன். "மயக்கமா இருக்கா, வாயில ஒண்ணும் போடாதீங்க, பொறையேறிடும்" என்று என் கையைத் தட்டிவிட்டு, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். அந்தச் சில நிமிடங்கள் எனக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை.

அவள் என்னை "அம்மா" என்று கூப்பிட்ட பிறகுதான் சாமியார் உள்ளே நுழைந்தார். நர்ஸ் விஷயத்தைச் சொன்னார். "முதல்ல சாப்பிடட்டும்மா, நான் இருக்கேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். நான் ஊட்டினேன்.

மறுநாள் வரவேற்பறைக்கு மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. "நேத்து சுகர் இறங்கிடுச்சுங்க" என்று ஆரம்பித்தேன். கூடவே இறங்கி வந்திருந்த மகள் ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லப்பா. நான்தான் சாப்பிட லேட் பண்ணிட்டேன்."

அவர் அவளைத் திட்டுவது எனக்கும் கேட்டது. அவள் "சரிப்பா, சரிப்பா" என்றாள். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நான் குறுக்கே பேசவில்லை. அவரிடம் இன்றுவரை சொல்லவும் இல்லை.