குண்டுவுக்குத் தைத்த மெத்தை

என் அத்தை தையல்காரி. அப்பாவின் கடைசித் தங்கை. ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டால், அளவு சரியாக வரவில்லை என்பாள். பள்ளிச் சீருடை தைக்கிறவள் என்பதால் அவள் அறை முழுக்க நீலத் துண்டுத் துணி. ஒருநாள் எங்கிருந்தோ மூன்று முயல் குட்டிகளை வாங்கி வந்து மாடியில் வளர்த்தாள். வளர்ந்தால் ஆறு கிலோ வரும் பெரிய இனம்.

முதல் இரண்டும் அவள் பாசத்தாலேயே செத்தன. சீக்கிரம் வளரட்டும் என்று முட்டைக்கோஸும் தீவனமுமாக அள்ளிப் போட்டாள். வயிறு உப்பி, ஒரே வாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அப்புறம்தான் தீவனக் கடைக்காரரிடம் போய்க் கேட்டாள். காய்ந்த புல் எந்நேரமும் இருக்க வேண்டும், தீவனம் அளந்துதான், பச்சை கொஞ்சம், தண்ணீர் வற்றவே கூடாது என்றார். அத்தை அதிலிருந்து இம்மி பிசகவில்லை. மிச்சமிருந்தது மளமளவென்று வளர்ந்தது. குண்டு என்று பெயர் வைத்தது நான்.

அத்தையின் அளவு நோட்டில் ஒருநாள் திருட்டுத்தனமாக எழுதி வைத்தேன்: 'குண்டு. மார்பு பதினாறு. இடுப்பு இருபது. கை நான்கு. காதுக்குத் தனி அளவு.' திட்டு விழும் என்று காத்திருந்தேன். அத்தை டேப்பை எடுத்துப் போய் அளந்து, நான் எழுதியதைத் திருத்தினாள். பிறகு வாராவாரம் அந்தப் பக்கத்தில் புது அளவு ஏறியது.

ஐந்தரைக் கிலோ ஆனதும் குண்டு நகர்வதை நிறுத்தியது. தூக்கிப் பார்த்தால் பின்னங்கால் அடியில் முடி உதிர்ந்து புண். கூண்டின் தரை கம்பிவலை. புழுக்கை கீழே விழுந்து சுத்தமாக இருக்கும் என்று அத்தைதான் அப்படி அடித்திருந்தாள். சின்ன முயல் தாங்கும். இந்தக் கனத்துக்குக் கம்பி அறுக்கும்.

"பலகை போடுங்கக்கா, மேல காய்ஞ்ச புல்லு. வேற ஒண்ணும் வேணாம்," என்றார் கடைக்காரர்.

தீவனக் கடையிலிருந்து வரும் வழியெல்லாம் அத்தைக்கு மனசு ஆறவில்லை. "பலகையில படுத்தா எனக்கே இடுப்பு விட்டுப்போகுது. புண்ணுக்காலோட அது எப்படிடி படுக்கும்?"

அன்றே துண்டுத் துணியெல்லாம் அடைத்து ஒரு மெத்தை தைத்தாள். நான்கு ஓரமும் இரட்டைத் தையல். குண்டு ஏறிக் காலை நீட்டிப் படுத்தது. மகாராணிக்கு விசிறி வேண்டுமா என்று கேட்டேன். அத்தை வாய்விட்டுச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் அது தீவனத்தைத் தொடவில்லை. புழுக்கையும் இல்லை. கால்நடை மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, எதையாவது கடித்துத் தின்றதா என்றார். அத்தை குண்டுவை வாரி மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை அவள் மடியிலேயே முடிந்தது.

மெத்தையைத் தூக்கிப் பார்த்தோம். ஒரு மூலை ஓட்டை, உள்ளே பாதி காலி. அது எதையும் கொறிக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா என்ன? என் செருப்பு வாரையே தின்ற பிராணி.

"பலகைதானே போடச் சொன்னாரு," என்றாள் அத்தை. அழவும் இல்லை.

தைத்துக் கொடுத்தாகிவிட்டால் நோட்டில் அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழுப்பாள். குண்டுவின் பக்கத்தில் இன்னும் இழுக்கவில்லை. நானாவது இழுக்கலாம் என்று பேனாவை எடுத்தேன், முடியவில்லை. காலையில் தெருவில் பிள்ளைகள் அதே நீலத்தில் பள்ளிக்குப் போகிறார்கள். அத்தை இப்போதெல்லாம் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் மிஷினில் உட்காருகிறாள்.