கார்ல்டன் இறங்கும் வீடு

கார்ல்டன் கிளைன்ஸ்மித் தன் ஐம்பத்தாறு வயது வரை ஒரு ராத்திரிகூடக் காசு கொடுத்து வெளியூரில் படுத்தவன் இல்லை. ஆனால் கேப் டவுன் ஹோட்டல்களைப் பற்றியும், அதற்கு அந்தப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் இருக்கும் விடுதிகளைப் பற்றியும் அவனை மாதிரி அளக்க ஜோஹன்னஸ்பர்க்கில் ஆள் கிடையாது.

என் தங்கை டெலீனாவின் புருஷன் நெவிலுக்கு அவன் பெரியம்மா மகன். ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு மெத்தைக் கம்பெனியில் விற்பனை மேலாளர். வருஷா வருஷம் டிசம்பரில் மனைவி பியூலாவைக் காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிடுவான். ஆனால் அவனுடைய பயணம் அக்டோபரிலேயே தொடங்கிவிடும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஹோட்டல் படங்களாகப் போட்டுத் தள்ளுவான். ஒவ்வொரு படத்துக்கும் தன் குரலில் விளக்கம் வேறு.

"ஸீ பாயிண்ட்ல ஒண்ணு பாத்தேன். பால்கனியில நின்னா கடல். ஆனா அந்தக் காத்து இருக்கே, ராத்திரி பூரா ஜன்னல் கடகடன்னு ஆடும். தூங்கின மாதிரிதான்."

மறுநாள் இன்னொன்று. "ஸ்டெல்லன்போஷ்ல ஒரு தோட்டத்து பங்களா. ரூமெல்லாம் பிரமாதம். ஆனா காலையில ரெண்டு ஸ்பூன் தயிரு, மேல நாலு பழம். அதுக்கு நாம கும்புடு போடணுமாம். எனக்கு வேணாம்ப்பா."

ஃப்ரான்ஸ்ஹூக்கில் அவனுக்குப் படுக்கைகள் மெத்தென்று இருந்தன, ஆனால் ஊர் சவம் மாதிரி இருந்தது. துறைமுகத்துப் பக்கம் எல்லாம் சரி, ஆனால் சுற்றுலாக்காரர்கள் தொல்லை. நகரத்தில் தங்கினால் ஒயின் குடித்துவிட்டு வண்டி ஓட்டித் திரும்ப வேண்டும். தோட்டத்தில் தங்கினால் கடலுக்குப் போக அரை நாள். ஆறு வாரம் இப்படி அலசிவிட்டு நவம்பர் கடைசியில் தீர்ப்புச் சொல்வான். "நல்லா யோசிச்சுப் பாத்தோம். ரெண்டுக்கும் நடுவுல தங்குறதுதான் புத்திசாலித்தனம்."

நடு என்றால் கைல்ஸ் ரிவரில் என் தங்கை வீடு. அந்தப் பக்கம் நகரம், இந்தப் பக்கம் தோட்டங்கள். தலையணை உறை மாற்ற ஒருத்தி, சமைக்க ஒருத்தி, காலையில் காப்பி போட ஒருத்தி. மூன்று பேரும் டெலீனாவேதான். அவள் சூப்பர் மார்க்கெட்டில் பேக்கரிப் பிரிவில் வேலை பார்க்கிறவள். டிசம்பரில் அவளுக்கு உட்கார நேரம் இருக்காது.

வந்து இறங்கியதும் பெரிய படுக்கையறை அவனுக்கு. முதுகெலும்பில் கோளாறாம். சின்ன அறையில் இருப்பது ஒற்றைக் கட்டில். அதில் நெவில். கீழே பாய்க்கு மேல் ஒரு பழைய மெத்தையைப் போட்டு டெலீனா. காலையில் எழுந்து வந்து, "டெலீனா, உங்க மெத்தையில ஸ்பிரிங் போயிடுச்சு, அங்கங்க குத்துது" என்பான் அந்த மெத்தைக் கம்பெனி மேலாளர். ஒரு வருஷமாவது கடையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து போட்டானா? மூச்சு விடமாட்டான்.

பகலில் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சும்மா ருசி பார்க்கத் தருவதையெல்லாம் குடிப்பான். என்றைக்கோ அரை நாள் வகுப்பு ஒன்றுக்குப் போயிருக்கிறான். அதிலிருந்து கோப்பையைச் சுழற்றாமல் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வாங்கிய புட்டிகளை டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாயங்காலம் நெவிலின் பை ஒயினுக்கு வருவான். பிளாஸ்டிக் பையில் ஐந்து லிட்டராக விற்குமே, அது. "இதையெல்லாம் மனுஷன் குடிப்பானா" என்று கேட்டுக்கொண்டே அடிவரைக்கும் பிழிந்து குடிப்பான்.

நான் நெவிலிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். "ஏன்டாப்பா, உனக்கு வாயே இல்லையா?"

"என்ன பண்றது. மெக்கானிக் பயிற்சிக்கு ஜோஹன்னஸ்பர்க் போனப்ப அவங்க வீட்ல சாப்ட்டு வளந்தவன் நான்."

அந்தச் சாப்பாட்டைப் போட்டது பெரியம்மா. கார்ல்டன் அப்போதும் அதே மேசையில் உட்கார்ந்து தின்றுகொண்டுதான் இருந்தான். இதைச் சொன்னால் நெவில் தலையைச் சொறிவான். பஸ் டிப்போவில் எவ்வளவு பெரிய என்ஜினையும் பிரித்துப்போடுகிறவன், சொந்தக்காரன் ஒருத்தனிடம் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டான்.

அவனுக்கு ஐம்பத்தாறு நடந்த வருஷம், கார்ல்டன் வந்து மூன்றாம் நாள் ஒரு புதுச் செய்தி சொன்னான். அவன் கம்பெனி இயக்குநர் மொகோரோசியும் அவர் மனைவியும் கேப் டவுனில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நகரத்து ஹோட்டல் அலுத்துவிட்டது. தோட்டத்து விடுதிக்குப் போகுமுன் இரண்டு நாள் நம்மோடு வந்து இருக்கட்டும் என்று அழைத்துவிட்டான்.

"இங்கயா?" என்றாள் டெலீனா.

"ரெண்டே ராத்திரி. பெரிய ரூமை அவங்களுக்கு விட்டுடுறேன்." விட்டுக்கொடுக்கிற தியாகத்தைப் பார்க்க வேண்டுமே. "நாங்க சின்ன ரூமுக்கு வந்துர்றோம். நெவிலு, உனக்குத்தான் சல்தானா கடக்கரையில சிநேகிதன் இருக்கானே, மீன் பிடிக்கப் போறேன் போறேன்னு சொல்லிட்டே இருக்க. போயிட்டு வாயேன்."

நெவில் தூண்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சந்தோஷமாகவே போனான் என்று நினைக்கிறேன். டெலீனாவுக்கு லீவு கிடையாது, அதனால் எங்கும் போக முடியாது. அடுப்படியை ஒட்டிய சாமான் அறையில் தன் மெத்தையைப் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தவள் எனக்குப் போன் செய்தாள். "அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போ."

இரண்டு தெரு தள்ளித்தான் என் வீடு. போனேன். நடைபாதைச் சுவரில் வெறும் ஆணிகள். கல்யாணப் படம், வெளியூரில் வேலை பார்க்கும் மகளின் பட்டமளிப்புப் படம், ஒன்றும் இல்லை.

"எங்க போட்டோவெல்லாம்?" என்றேன்.

கார்ல்டன் வெளுத்துத் தேய்த்த சட்டை போட்டு, கழுத்து வரை வாசனை அடித்துக்கொண்டு நின்றான். "பெரிய மனுஷங்க வர்றாங்கல்ல. கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கட்டும்னு கழட்டி வச்சேன். பத்திரமா கட்டிலுக்கு அடியில இருக்கு."

டெலீனா பதில் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. மொகோரோசி கனத்த, அமைதியான மனுஷன். அவர் மனைவி கெய்ட்டு சிரித்த முகம். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையாம். கார்ல்டன் அவர்களை உள்ளே கூட்டிவந்து கையை விரித்தான். "நம்ம கேப் வீடு. சின்னதுதான். டிசம்பருக்குப் போதும்னு வச்சிருக்கோம்."

பேக்கரித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் டெலீனா நின்றிருந்தாள். அவன் அவளைப் பார்த்து, "இது டெலீனா. வீட்டைப் பாத்துக்குறவங்க. அது அவங்க அக்கா" என்றான்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. வாயைத் திறக்கப்போனேன். டெலீனா என் முழங்கையைப் பிடித்தாள். பிறகு அடுப்படியில் கேட்டேன், "ஏன்டி விட்ட?"

"வந்தவங்க என்ன பண்ணுவாங்க, பாவம். பசியோட வந்திருக்காங்க" என்றாள்.

மஞ்சள் சோறும் இறைச்சி உருண்டைக் குழம்பும் பரிமாறினாள். கார்ல்டன் தன் ஒயின் நிலவறையிலிருந்து எடுத்தது என்று ஒரு புட்டியைக் கொண்டுவந்தான். காலிப் புட்டிக்குள் பை ஒயினை அவன் ஊற்றியதைச் சன்னல் வழியாக நானே பார்த்தேன். "ஓக் மரத்து வாசனை வருதா சார்?" என்று கேட்டான். மொகோரோசி ஒரு வாய் குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். பியூலா தட்டைப் பார்த்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான். வருஷா வருஷம் வருகிறவள், அவள் குரலை நான் பத்துத் தடவை கேட்டிருந்தால் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனைக் கிழவியிடம் கூசிஸ்டர் வாங்கிக்கொண்டு போனேன். பாகில் முக்கித் தேங்காய் தூவின அந்த உருண்டை இல்லாமல் எங்களுக்கு ஞாயிறு விடியாது. அடுப்படியில் கெய்ட்டு அம்மா டெலீனாவோடு கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ வருஷமா இங்க இருக்கீங்கம்மா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து" என்றாள் டெலீனா.

"வீட்டுக்காரர்?"

"அவரும் இங்கதான். மீன் பிடிக்கப் போகச் சொன்னாங்க, போயிருக்காரு."

"நீங்க எங்க படுக்குறீங்க?"

டெலீனா சாமான் அறையைக் காட்டினாள். கெய்ட்டு அம்மா எட்டிப் பார்த்தார். மாவு மூட்டைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் தரையில் கிடந்தது அந்த மெத்தை. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கையைத் துடைத்துக்கொண்டு நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போனார்.

"மிஸ்டர் கிளைன்ஸ்மித், ஒண்ணு கேக்கணும். நீங்க மெத்தை விக்கிறவரு. உங்க வீட்ல உழைக்கிற பொம்பள கேஸ் சிலிண்டர் பக்கத்துல தரையில படுத்துக் கிடக்கா. இது உங்களுக்கே நல்லாருக்கா?"

மொகோரோசி காப்பியைக் கீழே வைத்தார். கார்ல்டனுக்குத் தப்பிக்க அப்போதுகூட ஒரு வழி இருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்விட்டுச் சிரித்து, ஏதோ விளையாட்டு என்று சமாளித்திருக்கலாம். அந்த அளவுக்குக்கூட அவனுக்கு மண்டையில் ஒன்றும் கிடையாது.

"அவங்களுக்கெல்லாம் தரைதான் மேடம் பழக்கம். கட்டில் போட்டுக் குடுத்தாலும் கீழதான் படுப்பாங்க" என்றான்.

டெலீனா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெரிய படுக்கையறைக்குப் போனாள். கட்டிலுக்கடியிலிருந்து கல்யாணப் படத்தை இழுத்து, ஏப்ரன் நுனியால் தூசி துடைத்து, கூசிஸ்டர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வெள்ளை கவுனில் அவள், பெரிய காலர் கோட்டில் நெவில், பின்னால் இதே வீட்டு வாசல்.

மொகோரோசி படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "கார்ல்டன், இது யார் வீடு?"

"சார், குடும்பச் சொத்து மாதிரி, நாங்க எல்லாரும்..."

"அவங்க வீடு" என்றாள் பியூலா. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அவள் தட்டிலிருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்திருந்தாள். "இவருக்கு இங்க ஒரு செங்கல்கூட கிடையாது. டெலீனா இவரோட தம்பி பொண்டாட்டி. வருஷா வருஷம் வந்து அவங்க கட்டில்ல படுத்துட்டு அவங்களைக் கீழ தள்ளுறோம்."

கெய்ட்டு அம்மா டெலீனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிரும்மா. உன் வீட்ல உன்னையே வேலைக்காரியாக்கிட்டேனே."

"நீங்க ஆக்கலம்மா" என்றாள் டெலீனா.

அவர்கள் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். ஸ்டெல்லன்போஷ் விடுதியில் ஒரு நாள் முன்பே அறை கொடுக்கச் சம்மதித்தார்களாம். மொகோரோசி கார்ல்டனைத் திட்டவில்லை. கைகூடக் கொடுக்கவில்லை.

கார் தெருவைத் தாண்டியதும் கார்ல்டன் என்ன செய்தான் என்கிறீர்கள்? பெரிய அறைக்குத் தன் பெட்டியைத் திரும்ப எடுத்துப் போனான்! அறை காலியாகிவிட்டதாம். அதைப் பார்த்த பிறகுதான் என் தங்கைக்கு ரத்தம் தலைக்கேறியது. அவன் சட்டைகள், வாசனைப் புட்டிகள், முதுகுவலித் தலையணை எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்து வாசல்படியில் கொண்டுவந்து வைத்தாள்.

"இது என்ன மரியாதை? நெவிலுக்குத் தெரியுமா?"

"வந்ததும் சொல்லிக்கிறேன். ஹோட்டலைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? ஒண்ணைப் பாத்துப் போங்க அண்ணே."

"பியூலா, கிளம்பு" என்றான்.

பியூலா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "நான் வரல. டெலீனா, அந்தச் சாமான் ரூம்ல நான் படுத்துக்கட்டுமா?"

"அங்க எதுக்குங்க? சின்ன ரூம்ல கட்டில் இருக்கு" என்றாள் டெலீனா.

தெற்கிலிருந்து காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. கார்ல்டன் காருக்குள் உட்கார்ந்து போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான். டிசம்பர் மாதம். ஸீ பாயிண்டில் இடமில்லை. ஸ்டெல்லன்போஷில் இடமில்லை. சவம் மாதிரி இருந்த ஃப்ரான்ஸ்ஹூக்கும் நிரம்பி வழிந்தது. நாங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து கூசிஸ்டர் தின்றுகொண்டே பார்த்தோம். எனக்கு இரக்கம் வந்ததா என்று யாராவது கேட்டால், வரவில்லை. கடைசியில் நெடுஞ்சாலைக்குப் பின்னால் ஒரு கேரவன் முகாமில் தகரக் கொட்டகை ஒன்று கிடைத்தது. பக்கத்துக் கொட்டகை பூராவும் ஏதோ ரக்பி கோஷ்டி, விடிய விடியப் பாட்டு. கழிப்பறை பொது. ஐந்து நாள் அங்கே கிடந்தான். தினமும் காலையில் வந்து வாசலில் ஹாரன் அடிப்பான். பியூலா ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். அவள் எங்களோடு கடைக்கு வந்தாள், கடற்கரைக்கு வந்தாள், ஒரு தோட்டத்துக்குக்கூடப் போகவில்லை. ஒயினே பிடிக்காதாம் அவளுக்கு. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே நெவில் இரண்டு பெரிய மீனோடு வந்து சேர்ந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, "எங்கடி போவாரு, பாவம்" என்று இழுத்தான்.

"வேணும்னா நீயும் போய் அவரோட படு" என்றாள் டெலீனா. அவன் மீனைக் கழுவப் போய்விட்டான்.

கார்ல்டனுக்கு வேலை ஒன்றும் போகவில்லை. அந்த மாதிரி ஆட்களுக்குப் போகாது. விருந்தாளியை மதிக்கத் தெரியாத கும்பல் என்று எங்களைப் பற்றிக் குடும்பத்தில் சொல்லிக்கொண்டு திரிகிறான். பியூலா அடுத்த வருஷம் தனியாகப் பஸ்ஸில் வந்துவிட்டுப் போனாள். இவன் டர்பனில் யாரோ ஒன்றுவிட்ட தங்கை இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். போன மாதம் அந்தப் பெண் டெலீனாவுக்குப் போன் செய்தாள்.

"கார்ல்டன் அண்ணன் இங்க வந்து தங்கப் போறேங்கிறாரு. உங்களுக்கு நல்லாத் தெரியுமாமே. ஆள் எப்படி?"

"உங்க வீட்ல எத்தனை கட்டில்?" என்று கேட்டாள் என் தங்கை.

"ரெண்டு."

"அப்ப நீங்க எங்க படுப்பீங்கன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு அவருக்குப் பதில் சொல்லுங்க."