கழுவாத நஞ்சுக்கொடி வேண்டும்

நஞ்சுக்கொடியைக் கேட்டு வாங்குவது என் வேலையில் பாதி. ஏன் கேட்கிறேன் என்று விளக்குவது மீதி. ஆய்வுக்கூடங்களில் அவதிப்படும் அன்பர்களே, உங்களுக்குத் தெரியாததா?

லோரிப் பாடம்

ரிங்லெட் என்னும் மலையூரின் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சாந்திக்கு நிறைமாதம். கணவர் முனியாண்டி கொழுந்து லோரி ஓட்டுகிறார். அவர்களிடம் விளக்கினேன்: "நஞ்சுக்கொடியின் செல்கள் கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோன்களைச் சுரக்கின்றன. இரத்தத்தில் உள்ள சில புரதங்கள் அவற்றைப் பிடித்துச் சுமந்து செல்கின்றன, உங்கள் லோரி மாதிரி. லோரி பக்கத்திலேயே நின்றால் செல்கள் அதிகமாகச் சுரக்குமா? அதைத்தான் பார்க்கிறேன்."

நஞ்சுக்கொடியை லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கள் வீட்டுக்குப் பின்னால் புதைப்பது அவர்கள் வழக்கம். சாந்தி யோசித்துச் சொன்னாள்: "ஒரு துண்டு எடுத்துக்குங்க மேடம். மிச்சம் எங்க மண்ணுக்கு வந்துடணும் லா."

மரியாதை

குழந்தை பிறந்த செய்தி வந்ததும் பனிக்கட்டிப் பெட்டியோடு கிளம்பினேன். வழியில் கோலா தெர்லாவிலிருந்து வந்த காய்கறி லோரிகள் வரிசைகட்டி நின்றதில் தாமதமாகிவிட்டது. அதற்குள் மருத்துவமனையில் நஞ்சுக்கொடியைக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டார்கள். நான் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கான துண்டு வெள்ளைத் துணியில் தயாராக இருந்தது. பிரித்தேன். தகதகவென்று மஞ்சள்! மஞ்சளோடு உப்பும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தார் முனியாண்டி. ஒரு செல்கூடப் பிழைத்திருக்காது.

மாதக் கடைசிக்குள் உயிருள்ள செல்கள் கிடைக்காவிட்டால் என் ஆய்வையே நிறுத்திவிடுவார்கள். என் முகம் போன போக்கைப் பார்த்து முனியாண்டி பதறினார்: "படிச்சவங்க கைக்குப் போற சாமான், அழுக்காவா கொடுக்கிறது மேடம்?"

காவல்

நல்லவேளையாக, சாந்தியின் தங்கை காமாட்சிக்கும் அந்த மாதமே பிரசவம். அவளும் சம்மதித்தாள். இந்த முறை நான் முன்கூட்டியே போய் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் முன்னால் முனியாண்டி வந்திருந்தார். துண்டை வெட்டிப் பெட்டியில் வைக்கும்வரை உறவுக்காரர் ஒருவரையும் அவர் நெருங்க விடவில்லை. "மஞ்சள் கிஞ்சள்னு யாராச்சும் வந்தீங்க, அவ்வளவுதான்!" மிச்சத்தை அவரே பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனார்.

செல்கள் பிழைத்தன. சில கிண்ணங்களில் புரதம் சேர்த்தேன், சிலவற்றில் சேர்க்கவில்லை. புரதம் இருந்த கிண்ணங்களில் சுரப்பு கூடியிருந்தது. வெளியே வந்த ஹார்மோன் செல்களைச் சுற்றித் தேங்காமல் புரதம் பிடித்துக்கொள்ள, செல்கள் சளைக்காமல் சுரந்திருக்கின்றன. ஆய்வு தப்பியது. சேதியை முதலில் முனியாண்டிக்குத்தான் சொன்னேன்.

லோரிக் கதவில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்துகொண்டார்: "அப்ப டிரைவர் இல்லாட்டி வயித்துக்குள்ளயும் வேல நடக்காது! இத எங்க மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன் மேடம்."

ஆய்வுக் கட்டுரையின் நன்றியுரையில் லோரி ஓட்டுநர் ஒருவரையும் சேர்த்துவிட்டேன். மஞ்சளை மட்டும் நாசூக்காக விட்டுவிட்டேன்.