டோரத்தியின் பழைய ஃபைல்

கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தாள். எனக்கு ஒன்பது வயது. தம்பி பிறந்திருந்தான். கோடை விடுமுறையில் அவனை டேகேரில் விட்டுவிட்டு என்னைத் தன்னோடு அழைத்துப் போவாள். அங்கே எல்லாரும் மிஸ் டோரத்தி என்று கூப்பிடும் ஒருவர் இருந்தார். எண்பதை நெருங்கியவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருக்குத் தினமும் பேப்பர் படித்துக் காட்டுவது என் வேலை. கடினமான ஆங்கில வார்த்தைகளைத் தடுமாறாமல் படிப்பதில் எனக்கு அப்போது கர்வம் அதிகம்.

பதினான்கு வயதில் தாய் இறந்ததும் அவரை அரசாங்க மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே அப்பென்டிக்ஸ் ஆபரேஷன் நடந்தது என்பார். பிறகு வெளியே வந்து கல்யாணம் செய்துகொண்டார். குழந்தை பிறக்கவில்லை.

நான் பேப்பர் படித்துக் காட்டிய அந்த வருஷம் அவர் வயிற்றை ஸ்கேன் எடுத்த டாக்டர், அப்பென்டிக்ஸ் உள்ளேயே இருக்கிறதே என்றார். மிஸ் டோரத்தி ஆள் வைத்து எழுதிப் போட்டு அந்த ஆஸ்பத்திரியிலிருந்து தன் பழைய ஃபைலை வரவழைத்தார். அது வந்தபோது பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

"ஒரு வார்த்தை விடாம படி," என்றார்.

மந்தபுத்தி உள்ளவள், இவளுக்கு வாரிசு கூடாது, ஸ்டெரிலைஸ் செய்யப்பட்டாள் என்று கணீரென்று படித்தேன். கடைசி வார்த்தை எனக்குத் தெரியும். தம்பியின் பால் புட்டியை அம்மா அப்படித்தான் செய்வாள். உங்களைக் கிருமி இல்லாமல் சுத்தம் செய்திருக்கிறார்கள் என்று விளக்கமும் கொடுத்தேன்.

அவர் தேதியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார்.

"கல்யாணத்துக்கு ஆறு வருஷம் முன்னாடி," என்றார். "குறை தன்கிட்டன்னு நெனச்சே என் வீட்டுக்காரர் செத்துப்போனார்."

அம்மா வந்து தாளைப் பிடுங்கினாள். "என்னடி படிச்சுக் காட்டினே?" என்றவள், படித்துவிட்டுக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கலிஃபோர்னியாவில் மட்டும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இப்படிக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள் என்று கல்லூரியில்தான் படித்தேன். பேராசிரியர்கள், நீதிபதிகள், தர்மம் செய்த பணக்காரர்கள் எல்லாரும் மனித குலத்தை மேம்படுத்துவதாகச் சொல்லி அதை ஆதரித்திருக்கிறார்கள்.

மிஸ் டோரத்தி அன்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். சாப்பாட்டைத் தொடவில்லை. பள்ளி திறப்பதற்குள் இறந்துவிட்டார். அம்மா என்னை அங்கே மறுபடி கூட்டிப்போகவில்லை. ஏதோ ஒரு வார்த்தையை நான் தப்பாக உச்சரித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அந்த நீளமான வார்த்தைகளைக் கண்ணாடி முன் நின்று பல நாள் சொல்லிப் பழகினேன்.