இடப்பக்கத்துப் பெட்டி

என் கேசட் டெக் நின்றுபோனதும் அன்வர் பாயை அழைத்துவர ஆள் அனுப்பினேன். வந்தவர் பக்கத்துக் கடையில் அதே ரேடியோ ரிப்பேர் வேலை செய்யும் முருகேசன். வாசலில் செருப்பைக் கழற்றியபடியே சொன்னார்: "பாய் மௌத்தாயிட்டாருங்கம்மா. போன வெள்ளிக்கெழம. உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?"

பாய் இறந்ததை யாரும் சொல்லவில்லை. அல்லது சொன்னது என் காதில் விழவில்லை.

மத்திகிரியில் ரேடியோ வைத்திருந்த எல்லோருக்கும் பாயைத் தெரியும். வேலை செய்யும்போது பேசமாட்டார். "பெட்டி பேசட்டும்மா, நான் கேக்குறேன்" என்பார்.

என் கணவர் இறந்த மறுவருடம் மகன் மஸ்கட்டிலிருந்து அந்த டெக்கை அனுப்பினான். பாய்தான் பொருத்தினார். ரிமோட்டைப் பிளாஸ்டிக் உறையோடு என் கையில் கொடுத்தார். ஒரு கச்சேரி கேசட்டைப் போட்டேன். வயலினைக் காணோம். சத்தத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்திக்கொண்டே போனேன், அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. இடப்பக்கம் நின்றிருந்த பாயின் உதடுகள் அசைந்து ஓய்ந்ததை மட்டும் பார்த்தேன். அவர் என்னைச் சுற்றி வலப்பக்கம் வந்து, "போதுங்களாம்மா?" என்றார்.

எனக்கு இடது காது கேட்காது. ஒரு காய்ச்சலோடு போனது. கணவரிடம்கூடச் சொன்னதில்லை. பள்ளியில் டிக்டேஷன் நடத்திக்கொண்டிருந்தேன். டெக் வந்தபோது ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் வலப்பக்கமே வைத்துவிடலாம் என்றார் பாய். கான்வென்டில் படித்தவள் நான். டெக்கோடு வந்த ஆங்கிலக் கையேட்டை எடுத்து, பக்கத்துக்கு ஒன்று என்று விரல் வைத்துப் படித்துக் காட்டினேன்.

"புக்கு எழுதுனவரு உங்க சேர்ல உக்காந்து பாக்கலைங்களேம்மா."

"இருக்கிறபடி வைங்க பாய். இது டீக்கடை இல்லை."

வைத்தார். "உள்ள சின்ன வேலை ஒண்ணு இருக்குது" என்று டெக்கின் முதுகைத் திறந்து வெகுநேரம் குனிந்திருந்தார். மறுபடி போட்டபோது வயலின் தெளிவாகக் கேட்டது. நான் படித்துச் சொன்ன பிறகே அவர் ஒழுங்காக வைத்தார் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவர் முன்னிலையிலேயே. "ஆமாங்க, அம்மா சொல்லித்தான் வந்துச்சு" என்று சிரிப்பார்.

இப்போது டெக்கைத் திறந்து பார்த்த முருகேசன் நிமிர்ந்தார். "இடது பாக்ஸுக்கு லைனே குடுக்கலைங்கம்மா. ரெண்டு பக்கத்துச் சத்தத்தையும் உள்ளயே சேத்து வலதுக்கு விட்டிருக்காரு. இத்தன வருசமா இது ஊமையாவா நின்னுச்சு?"

வயரின் நுனியில் டேப் சுற்றி, மடித்து, பெட்டிக்குப் பின்னால் செருகியிருந்தது. எங்கள் தலைமையாசிரியை வீட்டு ரேடியோவும் பாயிடம்தான் போகும். என் காதைப் பற்றி அவர் ஒரு சொல் சொன்னால் போதும், வேலை போயிருக்கும். சொல்லவில்லை. என்னிடமே சொல்லவில்லை. இப்போது நானே எழுதிவிட்டேன்.

"லைன் குடுத்துடட்டுங்களா?"

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பேசாத பெட்டி. முருகேசன் டெக்கைச் சரிசெய்துவிட்டுப் போனார். மாலையில் ரிமோட்டை அழுத்துகிறேன். வலப்பக்கம் பாட்டு வருகிறது. நான் இடப்பக்கம் திரும்புகிறேன். அங்கே ஒருவர் ஏதோ கேட்டு முடித்து, பதிலுக்கு நிற்பதுபோல் இருக்கிறது.

"போதும் பாய்" என்கிறேன்.